அடிப்பதும் இல்லை, ஊதுவதும் இல்லை

பந்தலின் ஓரத்தில் எனக்கு ஒரு பள்ளிக்கூடத்து பெஞ்சு போட்டிருந்தார்கள். அதற்கு ஒரு கால் குட்டை. ஓட்டாஞ்சில்லு ஒன்றைத் தேடி எடுத்து முட்டுக்கொடுத்துவிட்டு, புல்புல்தாராவை மடியில் கிடத்திச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன். ஆவணி மாதத்துக் காலை வெயில். பின்கட்டிலிருந்து சின்ன வெங்காயம் வதங்கும் வாசனை வந்து வயிற்றைக் கிள்ளியது. முகூர்த்தம் ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள். தாலி ஏறினால்தான் இலை விழும்.

குன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் அது. பெயரைச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மணையில் உட்கார்ந்த பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவள் கல்யாணக் கதையைப் பத்திரிகையில் எழுதி அவளை ஊர் வாயில் போடுவானேன்?

விடியற்காலையிலிருந்து வேப்பமரத்து உச்சியில் அலறிக்கொண்டிருந்த ரேடியோ செட், பாதிப் பாட்டில் நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. ரேடியோ செட்டுக்கும் எனக்கும் எப்போதுமே ஆகாது. அது வாயை மூடினால்தான் என் வாத்தியம் நாலு பேர் காதில் விழும்.

அப்புறம்தான் கவனித்தேன். தவில்காரர் தவிலை உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றிவிட்டார்.

"என்னங்க, தாலியே இன்னும் கட்டல. அதுக்குள்ள மூட்டை கட்டுறீங்க?"

"எதிர்த்த வூட்டுப் பெரியவரு போயிட்டாருப்பா. விடியறதுக்கு முந்தியே போயிட்டாராம். கல்யாணம் முடியட்டும்னு சத்தங்காட்டாம இருந்திருக்காங்க. கட்டிக்குடுத்த மவ இப்பதான் பஸ்ஸ வுட்டு எறங்கி வரா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையிலிருந்து அந்த மகளின் குரல் கேட்டது. பந்தலிலிருந்த அத்தனை தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின. மணையில் இருந்த பெண் கையிலிருந்த மாலையை மடியில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அதுவும் டைப் மெஷின் என்று நினைத்தேன்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் காசிநாதன். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் 'புல்புல் காசி' என்றால் ஒரு காலத்தில் தெரியும். எழுபதுகளின் நடுவில் தொடங்கி எண்பதுகள் முடியும்வரை தனி ஆளாக வாசித்துத்தான் சாப்பிட்டேன். கோஷ்டி கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. ஒரு பெட்டி, ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான்.

புல்புல்தாராவை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கை நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. மேலே இரும்புக் கம்பிகள். அவற்றின் குறுக்கே டைப் மெஷினில் இருப்பதுபோல வட்ட வட்டமாகக் கட்டைகள். இடது கையால் கட்டையை அமுக்க வேண்டும், வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். பழைய சீப்பை உடைத்து, அந்தத் துண்டை உரசி வழவழப்பாக்கி மீட்டுவதற்கு வைத்திருந்தேன். கடையில் விற்கிற மீட்டியைவிட அதுதான் கைக்கு வாகு.

அது என் கைக்கு வந்ததே ஒரு கூத்து. பள்ளிக்கூடத்துப் படிப்பு முடிந்ததும் பெரம்பலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். லோயர் பாஸ் செய்தால் ஏதாவது ஆபீசில் உட்கார்ந்துவிடலாம் என்று வீட்டில் நம்பினார்கள். பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டேன். பீஸ் கட்ட வழியில்லாததால் இன்ஸ்டிட்யூட்டைக் கூட்டிப் பெருக்கிக் கழித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உள்ளறையில் பழுதான மெஷின்களுக்கு நடுவே இது கிடந்தது. அதுவும் ஏதோ வெளிநாட்டு டைப் மெஷின் என்று நினைத்துத் துணியால் அழுத்தித் துடைத்தேன். கம்பிகள் எல்லாம் ஒன்றாகக் கூவின. நான் பயந்து பின்னால் நகர்ந்து, ஒரு ஸ்டூலைக் கவிழ்த்தேன்.

"எடுத்துட்டுப் போடா. எடமாவது மிச்சம்" என்றார் இன்ஸ்டிட்யூட் சார்.

அன்றோடு லோயர் பரீட்சை ஒழிந்தது. ரேடியோவில் கேட்ட பாட்டையெல்லாம் தேடித் தேடி அமுக்கிப் பார்த்தேன். மாதக்கணக்கில் அமுக்கினேன். டைப் பழகியதில் விரல்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன.

அந்தப் பெட்டியை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் ஊரில் எந்த வாத்தியத்தைத் தொட்டாலும் அதற்கு ஒரு ஜாதி இருக்கும். இதை இன்னார் ஊதலாம், இதை இன்னார்தான் அடிக்க வேண்டும் என்று பாட்டன் பூட்டன் காலத்திலேயே பங்கு பிரித்து முடித்துவிட்டார்கள். புல்புல்தாரா ஜப்பானில் பிறந்து, எங்கெங்கோ சுற்றிப் பெரம்பலூருக்கு வந்து சேர்ந்ததாம். பங்கு பிரிக்கும்போது அது ஊரில் இல்லை. அதனால்தான் எனக்கு அது தோதாக இருந்தது.

சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு டீக்கடை. அதற்கு மேல் மாடியில் ஓர் அறை எனக்கு. விசேஷக்காரர்கள் டீக்கடையில் வந்து விசாரிப்பார்கள். கடைக்காரர் அண்ணாந்து, "காசீ, ஆளு வந்திருக்கு" என்று ஒரு குரல் கொடுப்பார். இறங்கி வருவேன். தட்டிலோ, தட்டு இல்லாவிட்டால் தினத்தாளிலோ வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். வாங்கிவிட்டால் வாக்கு. அதற்கப்புறம் கலெக்டரே கூப்பிட்டாலும் அந்தத் தேதி அந்த வீட்டுக்குத்தான்.

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு. பாடாலூரில் ஒரு லாரி பட்டறைத் திறப்பு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் ஒரு குழந்தையின் பிறந்தநாள். அங்கேதான் முதன்முதலாகக் கேக் தின்றேன். ஒரு பருத்திக்காட்டில், புது பம்ப்செட் போட்ட சந்தோஷத்தில் என்னைக் கிணற்றுமேட்டில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார் ஒருவர். மோட்டார் ஓடிய சத்தத்தில் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை. அவர் மட்டும் பரவசமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இடையில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் சில மாதம் இருந்து பார்த்தேன். அங்கே என்னைக் கடைசி வரிசையில், திரைச்சீலையை ஒட்டி உட்காரவைப்பார்கள். நான் வாசிக்கிறேனா தூங்குகிறேனா என்று மேடையில் இருப்பவர்களுக்கே தெரியாது. போதும்டா சாமி என்று மறுபடியும் தனியாகவே கிளம்பிவிட்டேன்.

தனி ஆளுக்கு ஒரு சங்கடம் உண்டு. கோஷ்டியாகப் போனால் கோஷ்டியைப் பற்றிக் கேட்பார்கள். தனியாகப் போனால் நம்மைப் பற்றித்தான் கேட்பார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாரை முடித்துவிட்டு ரசம் வரக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பெரம்பலூருங்க."

"டவுன்ல எங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம்."

"அதில்ல தம்பி. யாரு வூட்டுப் புள்ள?"

அந்த நேரம் பார்த்து எனக்குப் புரையேறும். இதில் நான் தேர்ந்த கலைஞன். தண்ணீர் குடித்து, தலையைத் தட்டி, கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் ரசம் வந்துவிடும். பொய் சொல்ல எனக்கு வாய் வராது. உண்மையைச் சொன்னால் சோறு வராது. புரையேறுவது ஒன்றுதான் வழி.

யாரும் கேட்டதில்லை

என் அப்பா பெயர் சடையன். பெரம்பலூருக்கு வெளியே நான் பிறந்த கிராமத்தில், எங்கள் தெரு ஊருக்குத் தெற்கே, வாய்க்காலைத் தாண்டி இருந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலி வேலை. அதோடு அப்பாவுக்குப் பறை.

ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். வாய்க்காலுக்கு அந்தக் கரையிலேயே நின்று, "டேய் சடையா, பெரிய வூட்ல எழவு, வந்துடு" என்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். அப்பா சோற்றில் கை வைத்திருந்தாலும் கழுவிக்கொண்டு எழுவார். காய்ச்சலில் கிடந்தாலும் எழுவார். வர முடியுமா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் முடியாது என்று சொன்னதில்லை. அந்தக் குரலைக் கேட்டால் எனக்குப் பத்து வயதிலேயே உடம்பெல்லாம் எரியும்.

ஆனால் அவர் அடிக்கும் அடி எனக்குப் பிடிக்கும். சாவு அடியைச் சொல்லவில்லை. மாரியம்மனுக்குக் கரகம் எடுக்கும்போது ஓர் அடி அடிப்பார். நிற்கிறவன் கால் தானாக எழும். அதைக் கற்றுக்கொடு என்று கேட்டபோது மட்டும் முறைத்தார். "இதத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன். இது என்னோட முடியட்டும்" என்றார்.

நான் வாசிக்கக் கிளம்பிய அன்று அவரே ஒரு நிபந்தனை போட்டார். "வெளியில எங்கயாவது பாத்தா தெரியாத மாதிரி போயிடு. நானும் போயிடறேன். உம் பொழப்பு கெட்டுடக் கூடாது."

நானும் சரி என்றேன். அப்பா பறை அடிக்கப் போகும் ஊர்கள் எவையெவை என்று எனக்கு மனப்பாடம். அந்த ஊர்களிலிருந்து யார் கூப்பிட்டாலும் அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இந்தக் கல்யாண ஊர் அந்த எல்லைக்குச் சற்று வெளியே இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் வெற்றிலை வாங்கினேன். முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கலாம், சாவுக்கு யார் பார்த்துச் சொல்வது?

பெரியவர்கள் ஆராய்ந்தது

பிணம் கிடக்கும் தெருவில் மேளம் கொட்டக்கூடாது, குழல் ஊதக்கூடாது. அது அந்த ஊர்க் கட்டு. செத்தவர் கல்யாண வீட்டுக்குப் பங்காளி இல்லை என்பதால் தாலி கட்டத் தடையில்லை. ஆனால் கெட்டிமேளம் இல்லாமல், எதிர்வீட்டு ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டே எப்படித் தாலி கட்டுவது? பெண்ணின் அம்மா பட்டம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அழவும் முடியவில்லை. கல்யாண வீட்டில் அழலாமா?

செத்தவரின் மகன் தோளில் துண்டோடு எதிர்வாசலிலிருந்து வந்தார். பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. வெளியே நின்றே பேசினார்.

"நாங்க வாயத் தொறக்காமத்தான் இருந்தோம். தங்கச்சிக்கு வெவரம் தெரியாம போச்சு. பறைக்கு ஆளு வந்தாலும் தாலி ஏறுற வரைக்கும் அடிக்க வேணாம்னு சொல்லிடறேன். ஆனா பொம்பளைங்க அழுகைய நான் எப்புடிங்க நிறுத்தறது?"

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது பெண்ணின் தாய்மாமன் வேலாயுதம் என் பக்கம் திரும்பினார். பெரம்பலூரில் வெங்காய வியாபாரம் செய்கிறவர். டீக்கடைக்கு வந்து எனக்கு வெற்றிலை வைத்தவர் அவர்தான். "இந்தத் தம்பி பொட்டி இருக்கே?" என்றார்.

நாலைந்து பெரியவர்கள் என்னைச் சுற்றிக் குனிந்தார்கள். வைத்தியர்கள் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"இது அடிக்கறதா?"

"இல்லைங்க."

"ஊதறதா?"

"இல்லைங்க."

"பின்ன என்னதான் பண்ணுவ?"

"கட்டைய அமுக்கிக் கம்பிய மீட்டுவேங்க."

மூத்தவர் ஒரு கட்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார். டொக்கென்றது. "சத்தமே இல்லையேப்பா?"

"மைக் இல்லன்னா சத்தம் கம்மியாத்தான் வருங்க."

எத்தனையோ வீடுகளில் இதே பதிலைக் கூனிக்குறுகிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டுப் பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்ப தெருவுக்குப் போவாது. அடிக்கறதும் இல்ல, ஊதறதும் இல்ல. நம்ம பாட்டன் இதப் பத்தி ஒண்ணும் சொல்லிட்டுப் போவல. வாசிக்கலாம்யா!"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பந்தல் கீற்று இடுக்கு வழியாக வேப்பமரத்தடியில் பறையோடு நாலு பேர் வந்து நிற்பது தெரிந்தது. உள்ளூர்ப் பறைக்காரர்கள் ஒரு திருவிழாவுக்குப் போய்விட்டார்களாம். அதனால் சாவு வீட்டார் விடியற்காலையிலேயே சைக்கிளில் ஆள் அனுப்பி எங்கள் ஊரிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். நாலு பேரில் ஒருவர் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்துபோய் மரத்தில் சாய்ந்தார். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

என் அப்பா.

பின்வாசல் வழியாக ஓடிவிடலாமா என்று தோன்றியது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துவிட்டேன். வாசித்தபின் நான் யார் என்று தெரிந்தால் பறையடிக்கிறவன் மகன் மணையருகே உட்கார்ந்தான் என்பார்கள். அப்புறம் அந்தப் பெண்ணுக்குத் தலைவலி வந்தாலும் பழி என் மேல்தான். வட்டாரத்தில் ஒரு வீட்டு வாசலிலும் எனக்கு பெஞ்சு போட மாட்டார்கள்.

பட்டம்மாள் எழுந்து வந்தார். "தம்பி, வாசிப்பீங்களா?" என்று கேட்டார். உத்தரவு போடவில்லை. மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி ஓடுவது?

"வாசிக்கிறேம்மா" என்றேன்.

மைக் இல்லாமல்

மணையை உள்ளே கூடத்துக்கு மாற்றினார்கள். வாசல் கதவைச் சாத்தினார்கள். என்னை மாப்பிள்ளைக்குக் கைநீளத் தூரத்தில் உட்காரவைத்தார்கள். அவ்வளவு பக்கத்தில் அதுவரை எந்தக் கல்யாணத்திலும் நான் உட்கார்ந்ததில்லை. மாப்பிள்ளையின் புது வேட்டியில் கஞ்சி வாசனை அடித்தது.

கதவைத் தாண்டி ஒப்பாரி வந்துகொண்டுதான் இருந்தது. நான் முதல் பாட்டை எடுத்தேன். புல்புலின் சத்தம் கூடத்தின் மறுகோடிக்குக்கூடப் போகவில்லை. பின்னால் இருந்தவர்கள் "என்ன வாசிக்கிறாரு, என்ன வாசிக்கிறாரு" என்று முணுமுணுத்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு காது கொடுத்தார்கள். வளையல் குலுங்கினால்கூடத் திரும்பி முறைத்தார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் வாசித்ததைக் கேட்டது அதுதான் முதல்முறை.

"கெட்டிமேளம்!" என்றார் ஐயர், பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கெட்டிமேளத்துக்கு என்னிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் யோசிக்கவில்லை. இடது கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டேன். வலது கை கம்பிகளின் மேல் தானாக ஓட ஆரம்பித்தது. முதலில் மெல்ல, அப்புறம் வேகமாக, அப்புறம் அதைவிட வேகமாக, பெட்டியே அதிரும்படி. பாதியில்தான் எனக்கே புரிந்தது. கை வாசித்தது அப்பாவின் கரகத்து அடி. அவர் எனக்குக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்ற அதே அடி.

தாலி ஏறியது. அட்சதை என் தலையிலும் பெட்டியிலும் விழுந்தது. கை நின்றபோது கவனித்தேன், எதிர்வீட்டில் அழுகை கேட்கவில்லை. அவர்களாக நிறுத்தினார்களா, எங்கள் காதில்தான் விழவில்லையா என்பது இன்றுவரை தெரியாது.

பட்டம்மாள் இப்போது அழுதார். நன்றாக, வாய்விட்டு அழுதார். ஒருவரும் தடுக்கவில்லை.

வேப்பமரத்தடியில்

சாப்பாடு முடிந்து கிளம்பினேன். வேலாயுதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பெட்டியை அவரே வாங்கித் தூக்கிக்கொண்டார். "வர்ற தையில எங்க வூட்ல ஒரு காதுகுத்து. மச்சான் வூட்ல ஒரு கல்யாணம். எல்லாத்துக்கும் தம்பிதான்" என்று பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். பட்டம்மாள் பலகாரப் பையோடு பின்னால் வந்தார். பஸ்ஸுக்குப் போகும் வழி வேப்பமரத்தைத் தாண்டித்தான்.

மரத்தடியில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நாலு பேரும் எழுந்தார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். வேலாயுதத்தைக் கும்பிட்டார். பட்டம்மாளைக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கும்புடறேன் சாமி" என்றார்.

எனக்குத்தான் சொன்னார். நிபந்தனையை அவர் மீறவில்லை. கண்ணில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. பெற்ற மகனை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

எனக்கு முன்கோபம் அதிகம் என்று பலமுறை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை. நடந்துபோய் அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"அப்பா" என்றேன். "நாந்தான்ப்பா."

வேலாயுதம் பேச்சை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். என் பெட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார்.

பட்டம்மாள் நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துப் பலகாரப் பையை என் கையில் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்க தம்பி" என்றார். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

"ஏண்டா இப்புடிப் பண்ணுன? கையில இருந்த சோத்தத் தட்டிவுட்டுட்டியே" என்றார் அப்பா.

"என்ன நீ சாமின்னு கும்புடுவ, நான் பாத்துக்கிட்டுப் போவணுமா?"

அவர் வைக்கோல் தீயைக் குச்சியால் தள்ளிவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "உள்ள வாசிச்சியே, சன்னல் வழியா மரத்தடி வரைக்கும் வந்துச்சு. அந்த அடிய எங்கடா புடிச்ச?"

"உங்கிட்டதான். வேற எங்க?"

"நடுவுல ஒரு எடத்துல வுட்டுட்ட" என்றார்.

சாவு வீட்டிலிருந்து குரல் வந்தது. பறையை மாட்டிக்கொண்டு போனார். பஸ் வரும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகை

ஐப்பசி மழையோடு போனது. கார்த்திகை முகூர்த்தங்களுக்கு ஒரு வெற்றிலைகூட வரவில்லை. டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டார். வேலாயுதம் போன இடமெல்லாம் நான் யார் மகன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். காதுகுத்து, மச்சான் வீட்டுக் கல்யாணம் எல்லாம் மழைத் தண்ணீரோடு போயின. இன்ஸ்டிட்யூட் சாரைப் போய்ப் பார்த்து மறுபடியும் லோயருக்கு உட்காரட்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த நாள்களில் உண்மையாகவே பயந்தேன். அப்பாவை அப்பா என்று கூப்பிட்டதற்காக ஒருநாளும் வருந்தவில்லை. ஆனால் பசி வேறு, நியாயம் வேறு.

வேலாயுதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது என் பிறப்பைத்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் முன்கதையையும் சொல்லியாக வேண்டும். பிணம் கிடந்த தெருவில் தாலி ஏறியதும், அடிப்பதும் ஊதுவதும் இல்லாத ஒரு பெட்டி ஒப்பாரியை மறைத்ததும் இல்லாமல் அந்தக் கதை நிற்காது. கேட்டவர்களில் சிலர் என் பிறப்பை மறந்துவிட்டு, அந்தக் கல்யாணக் கதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஒருநாள் காலை மாடிப்படியில் காலை இழுத்து ஏறும் சத்தம். அப்பா. என் அறைக்கு அதுவரை அவர் வந்ததே இல்லை. சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் வாழையிலையில் சுற்றிய வெற்றிலை பாக்கு.

"என்னப்பா, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. திருமழபாடியிலேர்ந்து ஒருத்தரு வந்திருக்காரு. நெலம் நீச்சு உள்ளவரு. மவளுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போயி, பங்குனியில நந்தி கல்யாணம் பாத்த பொறவு கூடி வந்திருக்காம். நீ வாசிச்ச கல்யாணத்தக் கேள்விப்பட்டிருக்காரு. அந்தக் கைதான் தாலிக்கு வேணும்ங்கறாரு."

"இங்க வராம அங்க எதுக்கு வந்தாரு?"

"சடையன் மவன்னுதான அவருகிட்ட சொல்லியிருக்காங்க. நேத்து சாயங்காலம் நம்ம ஊருக்கு வந்து, சடையன் வூடு எதுன்னு கேட்டு, வாய்க்காலத் தாண்டி வந்துட்டாருடா. நம்ம வாசல்ல கட்டில்ல உக்காந்தாரு. உங்கம்மா தண்ணி குடுத்துச்சு, வாங்கிக் குடிச்சாரு. வெத்தலய எங்கையில குடுத்து, உங்க மவன அனுப்பி வைப்பீங்களான்னு கேட்டாரு. காலையில பெரம்பலூரு டீக்கடைக்கு வாங்க, பதில் சொல்றேன்னேன். வந்திருக்காரு."

"நேத்தே சரின்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"யோசிச்சுச் சொல்றேன்னுட்டேன்" என்றார் அப்பா.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "கார்த்திகை பூரா ஒண்ணும் இல்லப்பா. நான் போயிச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று சட்டையை எடுத்தேன்.

அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கட்டிலில் காலைத் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இருடா. டீ குடிச்சுக்கிட்டிருக்காரு" என்றார். "கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும்."